பீர்–பில்லிங் டேண்டம் பாராகிளைடிங்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

டேண்டம் என்றால் ஒரே துணி இறக்கையில் பைலட்டோடு சேர்ந்து பயணியும் தொங்கிப் பறப்பது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பாராகிளைடரில் பறந்து பார்க்க வேண்டும் என்றால், இந்தியாவில் அதற்கு இமாச்சலத்தின் பீர்–பில்லிங்கை விடப் பொருத்தமான இடம் இல்லை. மலை, காற்று, இறங்கும் வயல் என மூன்றுமே அங்கே பறப்பவருக்குச் சாதகமாக இருக்கின்றன. சிக்கல் சேவையில்தான். ஒரே கடைத்தெருவில், ஒரே விலைக்கு, மிக நல்ல பைலட்டும் கிடைப்பார், அவசரக்காரரும் கிடைப்பார். யார் வந்து வாய்ப்பார் என்பதை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடக் கூடாது. பயணி தன் கையால் தடுக்கக்கூடிய ஆபத்து அத்தனையும் தரையில், கிளம்புவதற்கு முந்தைய பத்து நிமிடத்துக்குள் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறோம்.

பீர் என்பது காங்க்ரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள ஊர். திபெத்தியர் குடியிருப்பு, மடாலயங்கள், தேயிலைத் தோட்டம் எல்லாம் இருக்கும். அங்கிருந்து 14 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஜீப்பில் ஏறினால் பில்லிங் புல்வெளி. கிளம்பும் இடத்தின் உயரம் ஏறத்தாழ 2,400 மீட்டர். இறங்கும் இடம் கீழே பீரின் தெற்கு ஓரத்தில், கிட்டத்தட்ட 900 முதல் 1,000 மீட்டர் தாழ்வாக இருக்கிறது. 2015 அக்டோபரில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடந்தது. உலகம் முழுவதிலுமிருந்து பைலட்கள் இங்கே வருவதற்குக் காரணம், மலைச்சுவரை ஒட்டி எழும் வெப்பக்காற்றைப் பிடித்துக்கொண்டு பல பத்து கிலோமீட்டர் பறக்க முடிவதுதான்.

டேண்டம் பயணிக்கு அந்த நெடும்பயணம் கிடைக்காது. கிடைப்பது எவ்வளவு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். இருவர் தொங்கும் இறக்கை, காற்றில் எந்தத் தூக்கும் விசையும் இல்லாதபோது, நொடிக்குச் சுமார் 1.2 மீட்டர் இறங்கும். 900 மீட்டரை 1.2 ஆல் வகுத்தால் 750 நொடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம். "இருபது நிமிடம், அரை மணி நேரம்" என்று கடையில் சொல்வதெல்லாம் வழியில் தெர்மல் கிடைத்தால்தான் நடக்கும். தெர்மல் என்பது வெயிலில் சூடான தரையிலிருந்து தூண் போல மேலெழும் காற்று. காலை எட்டு மணிக்கு அது இருக்காது. எனவே விடியற்காலையில் பறந்துவிட்டு "பதினைந்து நிமிடம்கூட இல்லையே, ஏமாற்றிவிட்டான்" என்று சண்டை போடுவதில் நியாயம் இல்லை. அந்த நேரத்துக் காற்று அவ்வளவுதான் தரும். பதிலுக்கு, தாலாட்டுவது போல ஆட்டமே இல்லாத பறப்பு கிடைக்கும். முதல் தடவை பறப்பவருக்கும் வயிறு புரட்டும் பழக்கம் உள்ளவருக்கும் அதுதான் நல்லது.

கட்டணம் சீசனையும் கூட்டத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். சாதாரணப் பறப்பு பொதுவாக இரண்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள் அடங்கும். ஜீப் இதில் சேர்த்தியா, வீடியோ தனியா, சோதனைச் சாவடிக் கட்டணம் யார் தலையில் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆனால் பேரம் பேசாதீர்கள். சந்தையில் கத்திரிக்காய் வாங்குகிற பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் நஷ்டம் நமக்குத்தான். நீங்கள் கொடுக்கும் தொகையில் முன்பதிவு செய்த ஏஜெண்ட், ஜீப், கம்பெனி எல்லாம் எடுத்துக்கொண்டது போக மீதிதான் பைலட்டின் கைக்கு வரும். விலை குறையக் குறைய, அவர் ஒரு நாளைக்கு நான்கு தடவை பறக்க வேண்டிய இடத்தில் ஆறு தடவை பறப்பார். ஜீப்பில் மேலே வர முக்கால் மணி நேரம் ஆகும். பறந்து இறங்கி, இறக்கையைச் சுருட்டி, அடுத்த ஜீப்பைப் பிடிக்க வேண்டும். இந்த ஓட்டத்தில் எதைச் சுருக்க முடியும்? ஜீப்பைச் சுருக்க முடியாது, பறப்பையும் சுருக்க முடியாது. சுருக்க முடிவது உங்களுக்குப் பட்டை மாட்டிச் சரிபார்க்கும் நேரம் ஒன்றைத்தான்.

கால் பட்டை

பாராகிளைடிங் விபத்து என்றதும் கிழிந்த இறக்கை, அறுந்த கயிறு என்றெல்லாம்தான் கற்பனை ஓடும். இறக்கைக் கயிறு நடுவானில் தானாக அறுவது மிக அரிது. பயணி, தன்னை இறக்கையோடு பிணைக்கும் ஹார்னஸிலிருந்து நழுவி விழுவதுதான் திரும்பத் திரும்பச் செய்தியில் வருகிறது. 2019 நவம்பரில் குலு பள்ளத்தாக்கில் சென்னை இளைஞர் ஒருவர் இப்படித்தான் விழுந்து உயிரிழந்தார். 2024 பிப்ரவரியில் அதே குலுவின் டோபி என்ற இடத்தில் தெலங்கானாவைச் சேர்ந்த பெண் பயணி இறந்தபோது, பட்டைகளைச் சரிபார்க்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பைலட் கைது செய்யப்பட்டார்.

ஹார்னஸ் என்பது முதுகில் மாட்டும் ஒரு நாற்காலி. அதில் மூன்று இடத்தில் பக்கிள் இருக்கும். வலது தொடையைச் சுற்றி ஒன்று, இடது தொடையைச் சுற்றி ஒன்று, நெஞ்சில் ஒன்று. நெஞ்சுப் பக்கிள் கண்ணுக்கு நேராக இருப்பதால் அதை யாரும் மறப்பதில்லை. கால் பட்டைகள் ஜாக்கெட்டுக்கும் இருக்கைக்கும் அடியில் மறைந்துவிடும். பயணி குட்டையான ஆளாக இருந்தால் இருக்கை முழங்கால் வரை தொங்கி இன்னும் நன்றாக மறைக்கும். தரையில் நிற்கும்போது அவை திறந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது. கால் தரையை விட்டு எழும்பிய மறு நொடி, உடல் எடை முழுவதும் கீழ்நோக்கி நழுவி, நெஞ்சுப் பட்டை அக்குளில் போய் இறுகும். அப்போது பைலட்டால் உங்களைத் தூக்கி உட்கார வைக்க முடியாது. முன்னே தொங்குகிற ஆளைக் கால்களால் இடுக்கிப் பிடித்துக்கொண்டு, கிடைத்த இடத்தில் இறக்கப் பார்ப்பதுதான் அவரால் முடிந்தது. பில்லிங்கிலிருந்து கிளம்பினால் சில நொடிகளிலேயே காலுக்குக் கீழே காட்டு மரங்களும் செங்குத்துச் சரிவும்தான்.

எனவே பைலட் மாட்டிவிட்ட பிறகு நீங்களே ஒரு தடவை சோதியுங்கள். ஒவ்வொரு பக்கிளையும் விரலால் தொட்டு, பட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். சரியாகப் பூட்டியிருந்தால் அசையாது. அரைகுறையாக நுழைந்திருந்தால் இழுக்கும்போதே கழன்று வந்துவிடும். கால் பட்டைக்கும் தொடைக்கும் நடுவில் உள்ளங்கை தட்டையாக நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. புதிய ஹார்னஸ் சிலவற்றில் கால் பட்டைகளும் நெஞ்சுப் பட்டையும் ஒரே பூட்டில் வந்து சேரும். காலை மாட்டாமல் நெஞ்சை மட்டும் பூட்டவே முடியாத அமைப்பு அது. இரண்டு பைலட்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால், அந்த வகை ஹார்னஸ் வைத்திருப்பவரையே எடுங்கள். வேறு எந்த வித்தியாசத்தையும் விட இது பெரிது.

அடுத்தது காரபைனர், அதாவது உங்கள் ஹார்னஸை இறக்கையோடு இணைக்கும் உலோகக் கொக்கி. இடது தோளுக்கு மேல் ஒன்று, வலது தோளுக்கு மேல் ஒன்று. இரண்டும் மாட்டப்பட்டிருக்கின்றனவா, வாய் மூடிப் பூட்டியிருக்கிறதா என்று தலையை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். துப்பட்டா நுனி, ஜாக்கெட் கயிறு, அவிழ்த்துவிட்ட கூந்தல் இவையெல்லாம் கொக்கியின் வாயில் மாட்டி அதை முழுதாக மூடவிடாமல் செய்யும். துப்பட்டா, சேலை, வேட்டி எதுவும் வேண்டாம். முழுக்கால் பேன்ட், கணுக்காலை மூடும் ஷூ, கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் போடுவது, கூந்தலைப் பின்னி ஜாக்கெட்டுக்குள் செருகுவது, இவ்வளவு போதும். பறக்கும்போது முகத்தில் மணிக்கு 38, 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும். அக்டோபர் வெயிலை நம்பி டி-ஷர்ட்டோடு போகிறவர்கள் ஐந்தாவது நிமிடத்திலேயே நடுங்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஓட்டம்: நான்கு இந்திச் சொற்கள்

சரிவில் நீங்கள் முன்னால், பைலட் பின்னால் ஒட்டி நிற்பீர்கள். இறக்கை பின்னால் புல்லில் விரித்திருக்கும். நீங்கள் இருவரும் ஓடினால்தான் கயிறுகள் இறுகி, இறக்கை எழும்பி, தலைக்கு மேல் வந்து நிற்கும். அது எழும்பும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும். முதல் தடவை வருபவர்களில் பலர் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். இன்னும் சிலர், கால் லேசாகத் தூக்கியதும் "பறந்தாச்சு" என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டுமே தவறு. நின்றால் இறக்கை உங்களைத் தாண்டி முன்னே சாயும். உட்கார்ந்தால் உங்கள் எடை முழுவதும் பைலட்டின் கால்மேல் விழுந்து, அவரும் ஓட முடியாமல், இருவரும் சரிவில் இழுபட்டுப் போவீர்கள். முழங்காலும் கணுக்காலும் உடைவது இப்படித்தான்.

நிற்காமல் ஓடுவதற்குப் பில்லிங்கில் இன்னொரு காரணமும் சேர்கிறது. 2,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதே எடையைத் தூக்க இறக்கைக்குப் பத்தில் ஒரு பங்குக்கும் கூடுதலான வேகம் தேவைப்படும். எதிர்காற்று நன்றாக வீசினால் அந்த வேகத்தைக் காற்றே கொடுத்துவிடும், நாலு எட்டில் மேலே போய்விடலாம். காற்று இல்லாத காலையில் அதைக் கால்தான் கொடுக்க வேண்டும். 95 கிலோ எடையுள்ளவர் காற்றில்லாத நேரத்தில் கிளம்புவதை விட, பதினொரு மணி வாக்கில் காற்று வந்த பிறகு கிளம்புவது எளிது. பல பைலட்கள் 90 அல்லது 100 கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். இறக்கையின் மேல் எழுதியிருக்கும் எடை வரம்பில் பைலட், பயணி, சாமான் எல்லாம் அடக்கம்.

கட்டளைகள் இந்தியில்தான் வரும். பதற்றத்தில் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. "தௌடோ" என்றால் ஓடு. "பைட்னா மத்" என்றால் உட்காராதே. "ருக்கோ" என்றால் நில். இறங்கும்போது "பைர் உட்டாவ்" என்றால் காலைத் தூக்கு. இந்த நான்கையும் ஜீப்பில் போகும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். "தௌடோ" என்று சொன்ன பிறகு, கால் காற்றில் துழாவும் வரை ஓடுங்கள். தரை விட்டுப் போன பிறகும் இரண்டு எட்டு காற்றில் ஓடினால் தப்பில்லை. கைகளால் எதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம், முக்கியமாகத் தோளுக்கு மேலே போகும் பட்டைகளை. அவற்றைப் பிடித்துத் தொங்கினால் பைலட்டின் கை இயக்கம் தடைபடும்.

இறங்கும்போது பைலட்டைப் பொறுத்து இரண்டு முறை உண்டு. காற்று இருந்தால் எழுந்து நின்று நாலு எட்டு நடப்பது. காற்று இல்லாவிட்டால் காலை நேராக நீட்டித் தூக்கிக்கொண்டு, இருக்கையின் அடியிலுள்ள பஞ்சுமேல் சறுக்கி இறங்குவது. எந்த முறை என்று மேலேயே கேட்டுவிடுங்கள். தூக்க வேண்டிய நேரத்தில் ஒரு காலை மட்டும் ஊன்றினால் கணுக்கால் திருகிக்கொள்ளும்.

பைலட், தாள், துணி

இமாச்சலத்தில் டேண்டம் பறப்பு அரசு விதிகளுக்கு உட்பட்டது. மாநிலத்தின் ஏரோ ஸ்போர்ட்ஸ் (வான் சாகச விளையாட்டு) விதிகளின்படி பைலட்டும் கருவியும் சுற்றுலாத் துறையிடம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, பறப்பதற்கே தடை. அந்த இரண்டு மாதத்தில் "நமக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், சின்ன ரவுண்டு அடிக்கலாம்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். தடையை மீறிப் பறக்கிறவர் மற்ற விதிகளை மட்டும் மதிப்பார் என்று எதை வைத்து நம்புவது?

பைலட்டிடம் உரிமம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல பைலட் சட்டைப் பையிலிருந்து சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டுவார். அதில் படம், செல்லுபடியாகும் தேதி, டேண்டம் என்ற குறிப்பு மூன்றையும் பாருங்கள். தனியாகப் பறக்கத் தெரிந்தவர் எல்லோரும் டேண்டம் பைலட் ஆகிவிட மாட்டார். இங்கே நடக்கிற ஒரு வழக்கமான குளறுபடி, கீழே கடையில் பேசிய ஆளும் மேலே உங்களைத் தூக்கிக்கொண்டு போகிற ஆளும் வேறு வேறாக இருப்பது. கூட்டமான நாளில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். மாறினால் மறுபடியும் கேளுங்கள்.

இறக்கையின் வயதைக் கண்டுபிடிப்பது வெளியாளுக்குக் கடினம், ஆனால் முடியாதது இல்லை. டேண்டம் இறக்கை ஏறத்தாழ 40 சதுர மீட்டர் நைலான் துணி. புதுத் துணி கைக்கு மொறுமொறுவென்று இருக்கும், கசக்கினால் சரசரக்கும். மலைவெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அது பழைய புடவை போலத் தொளதொளத்துவிடும், நிறம் வெளுக்கும். துணியின் பூச்சு தேய்ந்தால் காற்று அதன் ஊடே கசியத் தொடங்கும். கசிகிற இறக்கை எழும்பச் சோம்பல்படும், மெதுவாகப் பறக்கும்போது முன்னறிவிப்பில்லாமல் தூக்கும் திறனை இழந்து சரியும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 100 முதல் 150 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை முழுச் சோதனை கேட்கிறார்கள். இருபது நிமிடம் வீதம் நாளுக்கு ஆறு பறப்பு என்றால் இரண்டு மணி நேரம். ஐம்பதே நாளில் 100 மணி ஆகிவிடும். அதாவது ஒரு சுறுசுறுப்பான பைலட்டின் இறக்கைக்கு ஒவ்வொரு சீசன் முடிவிலும் சோதனை தேவை. "கடைசியாக எப்போது செக் பண்ணினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மாதம் சொல்லி, சோதனைத் தாளையும் காட்டினால் நல்லது. "புதுசுதான் பையா" (இந்தியில் 'அண்ணா') என்று மட்டும் பதில் வந்தால், துணியைத் தொட்டுப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

ரிசர்வ் பாராசூட்டுக்கும் இதே கேள்வி. இறக்கை முழுவதும் குலைந்துபோனால் பைலட் வீசும் இரண்டாவது குடை அது. இருவர் எடையைத் தாங்கும் பெரிய அளவில் இருக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பிரித்துக் காயவைத்து மறுபடி மடித்திருக்க வேண்டும். மடிப்பிலேயே கிடந்த துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் விரியும். பைலட்டின் கைக்கு எட்டும் இடத்தில் அதன் கைப்பிடி, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், வெளியே தெரியும். அது இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் தொடாதீர்கள். ரிசர்வ் இருக்கிறது என்ற நிம்மதிக்கும் ஓர் எல்லை உண்டு. அது விரிய உயரம் வேண்டும். கிளம்பிய சில நொடிகளிலும், தரையிலிருந்து முப்பது மீட்டருக்குள் இருக்கும்போதும் அதனால் பெரிய பயன் இல்லை. அங்கே உங்களைக் காப்பது பைலட்டின் நிதானம் மட்டும்தான்.

எப்போது பறக்கலாம்

அக்டோபரும் நவம்பர் முதல் பாதியும் பில்லிங்கின் பொற்காலம். மழை கழுவிவிட்ட வானம், ஒழுங்கான தெர்மல், தெளிவான தௌலாதார். அதே காரணத்துக்காகக் கூட்டமும் அப்போதுதான். வெளிநாட்டுத் தனிப் பைலட்களும் உள்ளூர் டேண்டம்களும் ஒரே தெர்மல் தூணில் சுற்றுவார்கள். வானத்தில் மோதல் ஆபத்து இந்தப் பருவத்துக்கே உரியது. 2023 அக்டோபரில் சில நாள் இடைவெளியில் வெளிநாட்டுப் பைலட்கள் இங்கே உயிரிழந்தார்கள். அவர்கள் தனியாக மலைத்தொடரின் உள்ளே நெடுந்தூரம் பறக்கப் போனவர்கள். அது வேறு விளையாட்டு, அதன் ஆபத்து வேறு கணக்கு. கிளம்பும் இடத்துக்கும் இறங்கும் வயலுக்கும் நடுவே மட்டும் பறக்கிற டேண்டமை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை. தெர்மல் முரட்டுத்தனமாக அடிக்கும், இறக்கை குதிக்கும். குளிர்காலத்தில் காற்று அமைதி, பறப்பு குறுகியது, ஆனால் பனி படர்ந்த மலை கண்ணுக்கு விருந்து. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு நவம்பர் கடைசி வாரம்தான் எங்கள் தேர்வு. குழந்தைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பைலட் 65 கிலோ, குழந்தை 25 கிலோ, சாமான் 20 கிலோ என்றால் மொத்தம் 110. பல டேண்டம் இறக்கைகளின் கீழ்வரம்பே அதை ஒட்டித்தான். எடை போதாத இறக்கை, சுமை இல்லாத மாட்டு வண்டி போலத் தடதடக்கும். காற்றை எதிர்த்து முன்னேறாது, சீக்கிரம் மடங்கும். குழந்தைக்கு அளவான சின்ன ஹார்னஸும் எல்லோரிடமும் இருப்பதில்லை. அது இல்லையென்றால் பறக்க விடாதீர்கள், குழந்தை அழுதாலும் சரி.

நாளுக்குள் பார்த்தால், காலை பத்து வரை அமைதி. பதினொன்று முதல் இரண்டு வரை தெர்மல் பலம். மூன்றரைக்குப் பிறகு மறுபடி சாந்தம். கிளம்பும் இடத்தில் காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பை இருக்கும். அது சரிவின் கீழிருந்து மேல்நோக்கி நிதானமாக நீண்டிருந்தால் சரி. ஒரு நிமிடம் நீண்டு அடுத்த நிமிடம் தொங்கினாலோ, பக்கவாட்டில் திரும்பினாலோ காத்திருக்க வேண்டும். மேகம் அகலத்தை விட உயரமாக வளரத் தொடங்கினால் அது இடிமழையின் ஆரம்பம். அப்படிப்பட்ட மேகம் தன் அடியில் உள்ளதை மேலே உறிஞ்சும். சரியான பைலட் அந்த நேரத்தில் இறக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுவிட்டு ஜீப்பைத் தேடுவார். மற்றவர்கள் காத்திருக்கையில் ஒருவர் மட்டும் கிளம்புகிறார் என்றால் அதைத் துணிச்சல் என்று எண்ணி அவர் பின்னால் போய் நிற்காதீர்கள்.

மேலே போன பிறகு "ஸ்டண்ட் வேண்டுமா?" என்று கேட்பார்கள். இறக்கையைத் திருகுசுழலில் விட்டு வேகமாக இறக்குவது, ஊஞ்சல் போல இருபுறமும் வீசுவது. சுழலில் உடலின் எடை இரண்டு மூன்று மடங்காக உணரப்படும், தலையிலிருந்து ரத்தம் இறங்கும், சிலருக்குக் கண் இருட்டும். வாந்தியும் வரலாம், அது பைலட் மேலும் படும். கிளம்பும் முன்பே "ஸ்டண்ட் நஹீ" என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. வெறும் வயிற்றோடு போவதும் பராத்தா மூன்றைத் தள்ளிவிட்டுப் போவதும் ஒன்றுதான். ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அளவுக்கு ஏதாவது சாப்பிட்டால் போதும்.

செல்ஃபி குச்சியைப் பைலட் பிடித்தால் ஒரு கை, இறக்கையைக் கட்டுப்படுத்தும் பிரேக் கயிற்றில் இருக்காது. நீங்களே பிடியுங்கள், மணிக்கட்டில் கயிற்றால் கட்டி, கிளம்பும்போதும் இறங்கும்போதும் மடக்கி வைத்து. வீடியோ நன்றாக வராவிட்டால் போகட்டும்.

வேறு இடங்கள்

தமிழ்நாட்டிலிருந்து கிட்டத்தில் கேரளத்தின் வாகமண் இருக்கிறது. புல்மேடுகளின் ஓரம் எழும் காற்றில் மெதுவாக வருடிச் செல்லும் பறப்பு. முதல் ருசிக்குப் போதும். கடற்கரைப் பாறை விளிம்புகளில் பறப்பது வேறு சங்கதி. அங்கே மேலே எழும் காற்றுப்பட்டை குறுகியது. கொஞ்சம் பின்வாங்கினால் கட்டடம், மின்கம்பம். 2023 மார்ச்சில் வர்க்கலாவில் கோவையைச் சேர்ந்த பெண் பயணியும் பைலட்டும் உயரமான விளக்குக் கம்பத்தில் சிக்கி நெடுநேரம் தொங்கியது அப்படித்தான். கோவாவின் கேரியில் 2025 ஜனவரியில் பயணியும் பைலட்டும் உயிரிழந்தார்கள். அனுமதி இல்லாமல் நடந்த பறப்பு அது. மணாலிக்கு அருகிலுள்ள சோலாங்கில் சின்னச் சரிவிலிருந்து சில நிமிடம் பறக்கவைப்பது, எங்கள் கருத்தில், பணத்துக்குத் தகாது.

அடிபட்டால், காற்று மோசமானால்

பீருக்கு அருகே பைஜ்நாத்திலும் பாலம்பூரிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. முதுகெலும்பு, தலைக்காயம் என்றால் டாண்டாவில் உள்ள மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். மலைப்பாதையில் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். விழுந்தவருக்கு முதுகு வலித்தால் தூக்கி உட்கார வைக்கக் கூடாது, ஹெல்மெட்டை உருவக் கூடாது. மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கு, பொதுவாக, தொழில்முறையாகப் பங்கேற்பவர்களுக்கே பொருந்தும். ஆனால் தனிநபர் விபத்து பாலிசிகளும் பயணக் காப்பீடும் பெரும்பாலும் பொழுதுபோக்குப் பறப்பையும் சேர்த்தே ஒதுக்கிவிடும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். ஆபரேட்டர் எடுத்திருக்கும் காப்பீட்டின் தாளையும் பார்க்கக் கேளுங்கள். கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், தோள்பட்டை அடிக்கடி நழுவுகிறவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் பறக்க வேண்டாம்.

கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் ஹிம்சாகர், சென்னையிலிருந்து கிளம்பும் அந்தமான் எக்ஸ்பிரஸ் இரண்டுமே பதான்கோட் கண்டோன்மென்ட் வழியாகப் போகும். அங்கிருந்து சாலையில் நான்கைந்து மணி நேரம். விமானத்தில் டெல்லி வரை போனால் இரவுப் பேருந்தில் பன்னிரண்டு மணி நேரம். எந்த வழியில் போனாலும் பீரில் குறைந்தது மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். காற்று சரியில்லை என்று பைலட் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் திரும்ப வருமா, ஜீப் கூலி யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நாளை வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் மேகம் கறுத்த பிறகும் "இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை" என்று பைலட்டை நச்சரிப்பார்கள். மறுநாளே ஊர் திரும்ப டிக்கெட் எடுத்து வைக்காதவருக்கு, மேலே போய்விட்டு ஜீப்பிலேயே திரும்பி வருவது அத்தனை கஷ்டமாக இருக்காது.